தொப்பூர் 2.3

மலையைச் செய்ய எனக்குப் பதினோரு மாதம் ஆனது.
தருமபுரி நாலு ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
தகரம் போட்ட அறையில்
மின்விசிறியைக் கணினிக்குத் திருப்பிவிட்டு
நான் வியர்த்தேன்.
முக்கோணம் முக்கோணமாகப் பாறை.
ஒரே வேலமரத்தை நாலாயிரம் முறை நட்டேன்.
இரட்டைப் பாலத்துக்கு மட்டும் நேரில் போனேன்.
தடுப்புச்சுவரில் வண்டிகள் உரசிவிட்டுப் போன பெயிண்டை
நெருங்கி நின்று படம் எடுத்தேன்:
மஞ்சள், கார் வெள்ளை,
இடுப்புயரத்தில் நீளமாய் ஒரு பச்சை.
அழகாக இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

பாளையம் டோல்கேட்டில் ஆள் வைக்கவில்லை.
ஆளைச் செய்வது கஷ்டம்,
கையை நீட்டினால் முழங்கை பின்பக்கம் மடியும்.
அதனால் கம்பி தானே தூக்கிக்கொள்ளும்,
காசு கேட்காது.

முப்பத்தொன்பதாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள்.
போலந்துக்காரன் ஒருவன் எழுதினான்,
உன் மலை அருமை, ஹாரன் சத்தம் போதாது.
கோவில்பட்டிப் பையன் கேட்டான்,
அண்ணா கவுந்தா தீப்பிடிக்கிற மாதிரி வைங்க.
வைத்தேன். 2.2 அதுதான்.
பற்றி எரியும் டேங்கருக்கு ஆரஞ்சு நிறம் சரியாக வர
மூன்று இரவுகள் ஆயின.
அந்த வாரமே கூட்டம் இரட்டிப்பானது.

லோடு கிடைக்காமல் இரண்டு நாளாய் வீட்டிலிருந்த
அக்கா புருஷன் திம்மராயனை
அழைத்து வந்து உட்காரவைத்தேன்.
பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார்.
கிளீனர் எங்கடா?
கிளீனர் கெடையாது மாமா.
தூக்கம் வந்தா யாருகிட்ட பேசறது?
தூக்கமும் கெடையாது.
தலையாட்டினார்,
நல்ல கம்பெனி என்பதுபோல.

கிரானைட் பிளாக் ஏற்றிக் கொடுத்தேன், தூத்துக்குடிக்கு.
கட்டமேடு தாண்டிச் சரிவு தொடங்கியதும்
இடது கை தானாகப் போய்
நியூட்ரலில் தள்ளியது.
மாமா! கியர்ல வைங்க!
மைலேஜ் குடுக்கும்டா.
இங்க டீசலுக்குக் காசே இல்ல மாமா.
தெரியும் என்றார். கைக்குத் தெரியவில்லை.
லிட்டருக்கு மூணேமுக்கால் கிலோமீட்டர் வராவிட்டால்
பேட்டாவில் பிடிக்கும் முதலாளி
என் மலைக்குள் எந்த வழியாக நுழைந்தார்?
நான் அவரைச் செய்யவேயில்லை.

எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றாறு.
இரட்டைப் பாலத்துக்கு முன் பிரேக்கை மிதித்தார்.
வண்டி நின்றது.
வெண்ணெயில் கத்தி நிற்பதுபோல் நின்றது.
என் மலையில் பிரேக் சூடாவதில்லை,
அதை எழுத எனக்குத் தோன்றவில்லை.
தீயைச் செய்திருந்தேன்,
தீக்கு முன்னால் உள்ளதை விட்டிருந்தேன்.

நின்னுடுச்சே, என்றார்.
திரையில் பெரிய எழுத்தில் 'அபாரம்'
அதன்மேல் பட்டாசு.
அவர் பட்டாசைப் பார்க்கவில்லை.
மூக்கு கண்ணாடியில் முட்டக் குனிந்து
தடுப்புச்சுவரில் ஓரிடத்தை
நகத்தால் சுரண்டினார்.
இந்தப் பச்சையை எங்க பார்த்துப் போட்ட?
அங்கதான் மாமா. அப்படியே இருக்கு.
குப்புராஜ் வண்டி, என்றார்.
கொஞ்சநேரம் கழித்து,
லைட்டை அமத்து, கண்ணு கூசுது.

2.3இல் பிரேக் சூடாகும்.
டீசல் உண்டு, விலை உண்டு,
சரிவின் நடுவில் முதலாளியின் போன் அடிக்கும்,
ஊர் சேர்ந்ததும் கணக்கு வரும்: பிடித்தம் போக மீதி.
கவிழ்ந்தால் மறுபடி தொடங்கு என்ற பொத்தானை
எடுத்துவிட நினைத்தேன்,
எடுக்கத் தைரியமில்லை.
ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம்.
போரடிக்குது, இது கேமா வேலையா?
போலந்துக்காரன் மட்டும் கேட்கிறான்,
அந்தப் போன்காரர் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்?
மொழி புரியாமலே கேட்டிருக்கிறான்.
ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு லோடு வந்துவிட்டது.
இன்று ராத்திரி இறங்குகிறார்.
சாப்பிட்டுட்டுப் போங்க என்றேன்.
எந்த கியரில் என்று
கேட்கவில்லை.